துளைப் பலகைச் சுவர்

எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இப்படித்தான். செங்கல் சூளை, லாரியில் கிளீனர், ஓசூர்ப் பக்கம் கல் அறுக்கும் பட்டறை, மாம்பழக்கூழ் ஆலையில் ஒரு சீசன். சூளையில் ஒருமுறை தோள்பட்டை இறங்கியது. பட்டறையில் இடது கைச் சுண்டுவிரலின் நுனி போயிற்று. அதற்காகவெல்லாம் நான் வேலையை விட்டதில்லை. வேலை கைக்குப் பிடிபட்டு, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கால் அரிக்கத் தொடங்கும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பெங்களூரில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்குப் பலகை அடிக்க நான்கு பேர் வந்தார்கள். அது சாதாரணப் பலகை இல்லை. முகம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை போட்டது. பலகைக்குப் பின்னால் கறுப்புத் துணி, அதற்கும் பின்னால் பஞ்சு. சத்தம் துளை வழியாக உள்ளே போய்ப் பஞ்சில் அடங்கிவிடும், திரும்பி வந்து கூடத்தில் மோதாது என்றார்கள். வேலையை முடித்துவிட்டு அவர்கள் கிளம்பும்போது நானும் அவர்களோடு வண்டியில் ஏறிவிட்டேன். ஏழெட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. கம்பெனிகளின் மீட்டிங் அறை, சினிமா தியேட்டர், பாட்டுப் பதிவு செய்யும் அறை. ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை என்பதால் இதை மட்டும் விடாமல் வைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் தருமபுரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ஓசூரில் நான் வேலை செய்த ஒரு தியேட்டரில் என் நம்பரை வாங்கியிருக்கிறார். நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவன். ஆனாலும் தருமபுரியில் பஸ் மாறியதைத் தவிர எதுவும் செய்ததில்லை. போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில், கீழே பேக்கரி, மேலே அவருடைய காது பரிசோதனை மையம். முப்பது வயது இருக்கும். ஏரியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மைசூரில் இதற்கென்றே படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மையம் வைத்து எட்டு மாதம். கணவர் பெங்களூரிலேயே இருந்தார். சனிக்கிழமை இவர் ரயில் ஏறிப் போவார், திங்கட்கிழமை காலை திரும்பி வருவார்.

உள்ளே கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி அறை ஒன்று இருந்தது. அது பரிசோதனைக்கு, கம்பெனியிலேயே செய்து வந்தது. அதற்கு வெளியே பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் பெரிய அறை. அங்கேதான் காது கருவியை மாட்டி, பேசிப் பழக்குவது. வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் சிமெண்டுச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன். தட்டி முடித்த பிறகும் சத்தம் சுவர்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது. அளவு எடுக்க நான் டேப்பை நீட்டினேன்.

"அளவெல்லாம் அப்புறம் எடுங்கண்ணா. காது கேக்காதவங்க உக்கார்ற ரூமுக்கு இதுவரைக்கும் பலகை அடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க காது கேக்காதவரா உக்காருங்க."

கருவி ஒன்றைச் சத்தம் குறைத்து வைத்து என் காதில் மாட்டிவிட்டார். நான் பயந்து போனேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. மின்விசிறி தலைக்குள் சுற்றியது. கீழே பேக்கரியில் யாரோ பிஸ்கட் கவரைப் பிரித்ததும் தெருவில் பஸ் ஆரன் அடித்ததும் ஒரே அளவில் வந்து மோதின. அவர் பேசினார்; உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொண்டது. கருவியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டேன்.

"நீங்க நல்லாக் கேக்கறவரு. உங்களுக்கே கழட்டணும்னு தோணுதில்லீங்களா? வர்றவங்க அத்தன பேரும் இங்கதான் போட்டுப் பாக்கறாங்க. பாத்துட்டு, 'ஒரே எரைச்சலா இருக்குது கண்ணு, இதுக்கு நான் செவிடாவே இருந்துக்கறேன்'னு மேச மேல வெச்சுட்டுப் போயிடறாங்க. போனவங்க திரும்பி வர்றதில்ல. அவங்க ஊர்க்காரங்களும் வர்றதில்ல."

இன்னும் பதினெட்டு நாளில் ஒரு முகாம் வைத்திருப்பதாகச் சொன்னார். ஏரியூர், அரூர், பாலக்கோடு எல்லாப் பக்கமும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அன்றைக்கு வருகிறவர்களுக்கும் இந்த அறையில் இரைச்சல்தான் கேட்கும் என்றால் மையத்தை மூடிவிட வேண்டியதுதான். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், நடக்காவிட்டால் பெங்களூருக்கே வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மாமியார் ஏற்கெனவே நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறாராம்.

"எனக்கு இங்கதான் இருக்கணும்ணா," என்றார். 

ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவது எனக்குப் புதிதாக இருந்தது. இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தபடியே அளவு எடுத்தேன்.

மரம் பார்க்கப் போனோம். அறைக்கு மட்டுமல்ல, வெளி முகப்புக்கும் மரம் வேண்டும் என்றார். காது ஆஸ்பத்திரிப் படியில் ஏறுவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பலர் பேக்கரி வாசலோடு திரும்பிப் போகிறார்களாம். மரம் அடித்த முகப்பு என்றால் துணிக்கடை போல, காபிக் கடை போல இருக்கும், கூச்சமில்லாமல் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மரக்கடை பாய் நாற்காலி போட்டார். "இது ஆஸ்பத்திரிங்களா, பியூட்டி பார்லருங்களா? சொன்னாத்தான மரம் எடுக்க முடியும்?"

"ரெண்டும் மாதிரி இருக்கணும் பாய்," என்றார் அவர்.

வேங்கை நல்ல நிறமாக இருக்கிறது என்று அதன் மேல் கை வைத்தார். பாய் தலையாட்டினார். "விக்கறவன் சொல்லக்கூடாது, ஆனாச் சொல்றேனுங்க. மழை பட்டா வேங்கை செவப்பா ஒழுகும். கீழ பேக்கரிச் செவுரு பூரா வெத்தல துப்புன மாதிரி ஆயிடும். அப்புறம் பேக்கரிக்காரன் என்னத் தேடிட்டு வருவான்." வேம்பு வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும், முகப்போ மேற்கு பார்த்தது, மதியத்திலிருந்து இருட்டும்வரை வெயில். கடைசியில் தேக்கில் மூன்று அங்குலப் பட்டைகளாக அறுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சுவரோடு ஒட்டி அடிக்காமல், ரீப்பர் கட்டை கொடுத்து, பின்னால் காற்று போக இடம் விட வேண்டும் என்று நான் சொன்னேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் அப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்தது.

அறைக்குத் துணி போர்த்திய பலகையா, துளை போட்ட மரப் பலகையா என்பது அடுத்த பேச்சு. சத்தத்தை அடக்குவதில் துணிப் பலகைதான் நல்லது, விலையும் குறைவு. நான் அதைத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "வர்றவங்க தலை நெறைய எண்ணெய் வெச்சுட்டு வருவாங்கண்ணா. செவுத்துல சாஞ்சுதான் உக்காருவாங்க. ஒரே மாசத்துல துணி என்னாவும்?" என்றார். பெங்களூர் மீட்டிங் அறைகளில் எனக்கு வராத கேள்வி. துளைப் பலகையே என்று ஆயிற்று. பையிலிருந்து மாதிரித் துண்டை எடுத்துக் காட்டினேன். பாய் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தார்.

"இதுக்குக் காசு குடுப்பாங்களா? கரையான் தின்ன பலகை பின்னாடி எங்க ஷெட்டுல கெடக்குது, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

பெங்களூரிலிருந்து பார்சல் லாரியில் பலகைகள் வந்தன. முகப்புத் தேக்கின் நிறத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதால் பாலிஷ் போடாத பலகையாக வாங்கியிருந்தோம். மூன்று சுவருக்கு ரீப்பர் அடித்து, பஞ்சு வைத்து, துணி இழுத்துக் கட்டி, பலகைகளை மாட்ட ஒன்பது நாள் ஆயிற்று. கடைசிப் பலகை ஏறியதும் கை தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்திலேயே சத்தம் விழுந்து நின்றது. அவர் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடந்தார். எண்ணி முடித்ததும் கீழே பேக்கரிக்குப் போய் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார்.

பாலிஷுக்கு ஆளைப் பாய் அனுப்பினார். "கல்யாணக் கட்டிலுக்கு அவர் கை வெச்சா மூஞ்சி பாத்துத் தல சீவலாம்" என்று சொல்லி அனுப்பிய ஆள். ஐம்பத்தைந்து வயதுக்காரர். அவரும் அவர் மனைவியும் சேர்ந்துதான் வேலை செய்வார்கள். வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ். அதிகம் பேசமாட்டார். எது சொன்னாலும், "ஆவுட்டுங்க" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே வேலை முடிந்துவிட்டது போலிருக்கும்.

இனி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் பூச்சு அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பாலிஷ் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் வேலை இல்லை. முகப்புப் பட்டைகளும் அறுப்புக்குப் போயிருந்தன. முகாமுக்கு ஆறு நாள் இருந்தது. சும்மா இருப்பது எனக்கு ஆகாத காரியம். காலையில் ஒரு மணி நேரம் பேக்கரி வாசலில் நின்று போகிற பஸ்களின் பலகைகளைப் படித்தேன். மேலே ஏறிப் போனபோது பாலிஷ்காரர் தேய்ப்பு மிஷினை ஓடவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, தொளைகள விட்டுடுங்க, மேல மட்டும் மெலிசா ஒரு கை போதும்" என்றேன். தோள் ஓரமாகத் திரும்பி, "ஆவுட்டுங்க" என்றார். கீழே தெருவில் அரூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை. பஸ் நின்ற இடத்தில் மலை இருந்தது, அதனால் ஏறினேன். தண்ணீர் விழுகிற இடங்களில் எல்லாரும் தலையை நீட்டினார்கள், நானும் நீட்டினேன். கீழே இறங்கினேன். சாயங்காலம் மறுபடி ஏறினேன். அடிவாரத்தில் ஒரு கடைக்காரர், "காலையில வந்தவர்தானே? எதையாச்சும் மேல வெச்சுட்டு மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கேயே படுத்து, மறுநாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலை தருமபுரிக்குத் திரும்பினேன்.

படி ஏறும்போதே பாலிஷ் வாசனை வந்தது. கதவைத் திறந்தேன். அறை பளபளவென்று இருந்தது. மூன்று சுவரும் ஒரே பலகை போல, கல்யாணக் கட்டிலின் தலைமாடு போல. ஜன்னல் வெளிச்சம் அதில் நீளமாக விழுந்திருந்தது. பாலிஷ்காரர் துணியால் கையைத் துடைத்தபடி நடுவில் நின்றார். அவர் மனைவி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கயாச்சும் ஒரு ஓட்டை தெரியுதா, பாருங்க தம்பி."

தெரியவில்லை. ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மரத்தின் நிறம் கொடுத்து மறைத்திருந்தார். பட்டி பார்ப்பது என்றால் இந்த ஊரில் ஆணித் துளை, முடிச்சுத் துளை எதுவும் கண்ணில் படாமல் செய்வது. ஒரு துளை விட்டுப்போனாலும் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் முப்பது வருடமாகச் செய்வதைத்தான் செய்திருந்தார், அதுவும் இரண்டே நாளில்.

நான் கை தட்டினேன். சத்தம் மூன்று சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. சிமெண்டுச் சுவர் இருந்தபோது எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி.

"விட்டுடுங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?" என்றேன். அதன் பிறகு நான் பேசியது எழுதும்படியாக இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு போகப் பாதி, இருக்கப் பாதியாக நின்றது.

அவர் மனைவிதான் பதில் சொன்னார். "மிச்சம் புடிக்க ஓட்டப் பலகைய வாங்கிப்புட்டாங்க, பாவம், டாக்டரம்மாவுக்கு மானம் போயிடும்னு இவரு ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்லாம அடச்சாருங்க. அதுக்குத் தனிக் கூலி கூட வேணாம்னுட்டாரு."

அந்த நேரத்தில் மேடம் உள்ளே வந்தார், ஏரியூர்ப் பக்கம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நேராக. சுவரைப் பார்த்தார். கிட்டே போய் விரலால் தடவினார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் பார்வை என்மேல் இல்லை, பாலிஷ்காரர் மேல் இருந்தது. மெதுவாக நடந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "அண்ணா, டீ சாப்பிடறீங்களா?" என்றார். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்க இன்னொருமுறை கேட்டார். திரும்பவில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்கண்ணா?" என்று என்னிடம் கேட்டார்.

"கதவுகிட்டங்க."

"இவரு?"

"அந்தப் பக்கம் திரும்பி மிஷின் ஓட்டிட்டு இருந்தாருங்க."

"ம்" என்றார்.  திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் மிச்சமிருந்த நோட்டீஸ்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே திரும்பத் திரும்ப அடுக்கினார்.

புதுப் பலகை வரவழைத்து மாட்ட ஒரு வாரத்துக்கு மேலாகும். முகாமுக்கு நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. அடைத்ததைத் திரும்பத் துளைப்பதைத் தவிர வழி இல்லை. நாளைக் காலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு நான் தங்கியிருந்த அறைக்கு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பையோடுதான் கிளம்பினேன். மறைக்க ஒன்றுமில்லை. முன்பும் இப்படிப் போயிருக்கிறேன். கோலாரில் ஒரு தியேட்டர் கூரையை அளவு தப்பி அறுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினேன். நம்பரை மாற்றிக்கொண்டால் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் நின்றிருந்தது. என் டிரில் மிஷின் மட்டும் மையத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

படியில் பாலிஷ்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய டிபன் கேரியர். மடியில் எங்கிருந்தோ வாங்கி வந்த இன்னொரு டிரில். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். 

"மூணு பேருக்கும் சோறு இருக்குதுங்க தம்பி. எந்தச் செவுத்துல இருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

பையைப் படியில் வைத்தேன். பெங்களூர் பஸ் எப்போது போனது என்று தெரியவில்லை.

பட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. வேகமாக இறக்கினால் பின்னாலிருக்கும் துணி கிழிந்து, பஞ்சு தூசியாக வெளியே கொட்டும். டிரில் முனையில் பலகையின் கனத்துக்கு மேல் போகாதபடி டேப்பைச் சுற்றிக்கொண்டோம். நான் ஒரு வரிசை, அவர் ஒரு வரிசை. அவர் மனைவி பின்னாலேயே ஊசியால் தூளைக் குத்தி எடுத்து, தூரிகையால் துடைத்து வந்தார். ஒரே மாதிரியான வேலையை ஒரே இடத்தில் நின்று மூன்று நாள் செய்வது எனக்கு ஜெயில் மாதிரி. மணிக்கு ஒருமுறை ஜன்னலுக்குப் போய் நிற்பேன். அவர் நகரவே மாட்டார். நான் பேச வேண்டியதையெல்லாம் இப்போது முன்னால் போய் நின்று, மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினேன்.

"அன்னைக்கே கேக்கலன்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"கேக்கலன்னு சொன்னா நாளைக்கு யாரு வேல குடுப்பாங்க தம்பி? செவிட்டு மேஸ்திரின்னு பேர் வந்துடும். ஆவுட்டுங்கன்னுட்டா எல்லாருக்கும் சந்தோசம்."

"இனிமே நீங்க 'ஆவுட்டுங்க' சொன்னா நான் பஸ் ஏறமாட்டேண்ணே."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

முகாமுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது இரண்டு சுவர்தான் முடிந்திருந்தது. மூன்றாவது அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் நான்கு ஜமக்காளம் கேட்டு வாங்கி வந்து, இரட்டையாக மடித்து அந்தச் சுவரில் தொங்கவிட்டேன். ஜன்னலுக்கு மேடம் தன் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்தார். பார்க்க வண்ணான்துறை மாதிரி இருந்தது. கை தட்டினேன். பரவாயில்லை. பலகை ஏறிய அன்று அடங்கியதில் முக்கால் பங்கு அடங்கியது.

"போதுமாங்கண்ணா?" என்றார்.

"தெரியலீங்க மேடம்."

முகாமன்று கூட்டம் வந்தது. முகப்புக்கு இன்னும் மரம் ஏறாததால் பலர் பேக்கரியில் எதையாவது வாங்குவது போல நின்று, தெருவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று படி ஏறினார்கள். நான் வரிசையில் உட்கார வைக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். முதலில் போட்டுப் பார்த்த பெரியவர் கொஞ்ச நேரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். இரண்டாவது ஆளும் கழற்றினார். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் நான் ஜமக்காளத்தைச் சரி செய்தேன்.

அடுத்தது ஏரியூரிலிருந்து வந்த ஒரு விவசாயியும் அவர் மனைவியும். கருவியை மாட்டி, மேடம் கம்ப்யூட்டரில் ஏதோ கூட்டிக் குறைத்து, "இப்பப் பேசுங்கம்மா" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். "ஏனுங்க, கேக்குதுங்களா? நாந்தேன் பேசறேன்."

"ஏண்டி இப்படிக் கத்தற? பக்கத்துலதான உக்காந்திருக்கறேன்" என்றார் அவர்.

அறையே திரும்பிப் பார்த்தது.  அந்த அம்மா எங்களைப் பார்த்து, "இத்தன வருசமாக் கத்திக் கத்தித் தொண்டயே இப்படி ஆயிப்போச்சு. இப்ப மெதுவாப் பேசுன்னா நான் எங்க போயிக் கத்துக்கறது?" என்றார். வரிசையில் இருந்தவர்களில் கேட்டவர்கள் சிரித்தார்கள். கேட்காதவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டார்கள். அந்த விவசாயி எழுந்திருக்கவில்லை. மனைவியை ஊரில் நடந்த ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த ஆளுக்கு இடம் வேண்டும் என்று நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகும் சிலர் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதிகம் பேர் அடுத்த வாரம் வருவதாகப் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள், நாள் கேட்டு, நேரம் கேட்டு. சாயங்காலம் மேடம் ஜன்னலருகே நின்று போனில் பேசியதைப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கேட்டேன். "பொங்கலுக்கு நீங்க இங்க வந்துடுங்க. அத்தையவும் கூட்டிட்டு வாங்க. இல்ல, நான் வரலீங்க. இங்கதான்." அந்தப் பக்கம் நீளமாகப் பேசியிருப்பார்கள் போல. இவர் இரண்டு மூன்று முறை "இங்கதான்" என்றார்.

மறுநாள் காலை மூன்றாவது சுவருக்காக ஜமக்காளத்தை இறக்கினேன். பாலிஷ்காரர் முன்னால் வந்து நின்று, மேடம் அவரைப் பெட்டி அறைக்குக் கூப்பிட்டார். "அதெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு, தூசியில கெடக்கறவன்" என்றார் அவர். மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. நெடுநேரம் கழித்து, காதில் கருவியோடு வெளியே வந்து, கதவருகிலேயே நின்றார். நான் கவனிக்காதது போல டிரில்லை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நிறுத்து. முனை மழுங்கிப் போச்சு. நாராசமாக் கத்துது. மூணு நாளா இதுலயா ஓட்டை போட்டுட்டு இருந்த?"

முனையைக் கழற்றிப் பார்த்தேன். மழுங்கித்தான் இருந்தது. புதிதை மாட்டினேன். அவர் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். ஒருமுறை தேய்த்தார். நிறுத்தி, கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி, இந்தமுறை மெதுவாக, மரத்தின் வரியோடு தேய்த்தார்.